ஒரு நிரலும் இரு தளங்களும்

1960-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் முதல் வாரத்தில் அமெரிக்க நாட்டில் ஒரு சோதனை நடைபெற்றது. ஆர்.சி.ஏ. என்னும் நிறுவனம் செய்த கணிப்பொறி ஒன்று. ரெமிங்டன் ராண்டு நிறுவனத்தின் யூனிவாக் என்னும் கணிப்பொறி மற்றொன்று. இரண்டும் அமைப்பால் வேறுபட்டவை. ஒன்றுக்கு விளங்கும் கட்டளை மற்றதற்கு விளங்காது. அத்தகைய இரு பொறிகளிலும், கோபால் என்னும் புதிய மொழியில் எழுதப்பெற்ற ஏறத்தாழ ஒரே நிரல், சிற்சில மாற்றங்களுடன் இயங்கிக் காட்டியது.

அதற்கு முன்னர், ஒவ்வொரு வகைப் பொறிக்கும் தனித்தனியே நிரல் எழுதுவதே பெரும்பாலும் வழக்கமாக இருந்தது. ஓர் அலுவலகம் பழைய பொறியை நீக்கி வேறு வகைப் பொறியை வாங்குமாயின், சம்பளக் கணக்கு முதலிய நிரல்களை முதலிலிருந்து மீண்டும் எழுத வேண்டும். இத்துன்பத்தை நீக்க முயன்றவருள் கிரேஸ் ஹாப்பர் அம்மையார் குறிப்பிடத்தக்கவர். மனிதர் எழுதும் சொற்களைப் பொறியின் மொழிக்கு மாற்றும் வேலையைப் பொறியே செய்தல் கூடும் என்று அவர் வலியுறுத்தினார். அவர் உருவாக்கிய ஃப்ளோ-மேட்டிக் என்னும் மொழி கோபாலுக்குப் பெரிதும் வழிகாட்டியது. ஒரு முறை எழுதிப் பல இடங்களில் இயக்க வேண்டும் என்னும் ஆசை இவ்வாறு மிகப் பழையது. அவ்வாசை இக்காலத்தில் கைப்பேசியைச் சுற்றி மீண்டும் எழுந்திருக்கிறது.

ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் 2007-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் விற்பனைக்கு வந்தது. கூகுள் நிறுவனத்தின் ஆண்ட்ராய்டு அமைந்த முதற் கைப்பேசி அடுத்த ஆண்டில் வெளிவந்தது. இன்று உலகிலுள்ள திறன்மிகு கைப்பேசிகளில் மிகப் பெரும்பாலானவை இவ்விரண்டனுள் ஒன்றையே இயங்குதளமாகக் கொண்டவை. இயங்குதளம் என்பது கைப்பேசியின் திரை, நினைவகம், ஒளிப்படக் கருவி முதலிய உறுப்புகளை ஆண்டு நடத்தும் அடிப்படை நிரலாகும். பயணச்சீட்டு வாங்கவும், பணம் செலுத்தவும், செய்தி அனுப்பவும் நாம் பயன்படுத்தும் செயலிகள் எல்லாம் அத்தளத்தின் மீது நின்றே இயங்குகின்றன.

இரு தளங்களும் மொழியால் வேறுபடுகின்றன. ஐபோனுக்கு முதலில் ஆப்ஜெக்டிவ்-சி என்னும் மொழியிலும், 2014-ஆம் ஆண்டு முதல் ஸ்விஃப்ட் என்னும் மொழியிலும் எழுதினர். ஆண்ட்ராய்டுக்கு முதலில் ஜாவா, பின்னர்க் கோட்லின். மொழியோடு வேற்றுமை நின்றுவிடுவதில்லை, பழக்கவழக்கங்களும் வேறு. முந்திய திரைக்குத் திரும்புவதற்கு ஆண்ட்ராய்டில் தளமே ஒரு பொதுவழியை வைத்திருக்கிறது. ஐபோனிலோ ஒவ்வொரு செயலியும் திரையின் மேல் இடப்பக்கத்தில் ஓர் அம்புக்குறியை வைத்துக்கொள்வது வழக்கம். பட்டியல் ஒன்றை விரலால் தள்ளி அதன் முடிவை அடையும்போது அது நிற்கும் முறைகூட இரண்டிலும் ஒன்றன்று. நாள்தோறும் பயன்படுத்துவோர் இவற்றைச் சொல்லால் அறியமாட்டார், விரலால் அறிவர். மாறாக நடக்கும் செயலியைக் கையில் எடுத்தவுடன், ஏதோ சரியில்லை என்று உணர்வர்.

ஒரு நகரத்தின் பேருந்துகளுக்குப் பயணச்சீட்டு வாங்கும் செயலி ஒன்றைச் செய்ய வேண்டியிருக்கிறது எனக் கொள்வோம். இரு தளங்களுக்கும் தனித்தனியே எழுதினால் இரண்டு குழுக்கள் வேண்டும். ஒரே வேலை இருமுறை நடைபெறும். செலவு இரட்டிப்பாவது ஒரு புறம் இருக்கட்டும். கட்டணம் கணக்கிடும் பகுதியில் ஒரு பிழை தோன்றி, அதனை ஒரு குழு திருத்த, மற்றொரு குழு திருத்தாமல் விடுமாயின், ஒரே பேருந்தில் அருகருகே அமர்ந்த இருவர் வெவ்வேறு கட்டணம் செலுத்த நேரிடும். ஆகவே, ஒரு முறை எழுதி இரு தளங்களிலும் இயக்கும் வழியைத் தேடுவது சோம்பலின் விளைவன்று; நியாயமான தேவையே ஆகும்.

இவ்வழிக்குத் துணை செய்பவை சட்டகங்கள் எனப்படும். பல செயலிகளுக்கும் பொதுவான வேலைகளை முன்னரே செய்து, புதிய செயலியைக் கட்டுவதற்கு அடிப்படையாக அமைத்துத் தரும் நிரல் தொகுதியே சட்டகம். இன்று இத்தகைய சட்டகங்கள் பல. அவற்றுள் எதனைத் தேர்ந்தெடுப்பது என்பதில் தேர்ந்த நிரலாளரும் தடுமாறியதுண்டு. இரு தளங்களின் வேற்றுமையை எந்தச் சட்டகமும் அழித்துவிடுவதில்லை. ஓரிடத்திலிருந்து எடுத்து வேறோர் இடத்தில் வைக்கிறது. எங்கே வைக்கிறது என்று காண்பதே தேர்வின் முதற்படி.

முதலில் எழுந்த வழி மிக எளியது. இணையப் பக்கங்களைக் காட்டும் உலாவி எல்லாக் கைப்பேசியிலும் உண்டு. செயலியை ஓர் இணையப் பக்கமாகவே எழுதி, அதனை ஓர் உறைக்குள் வைத்துச் செயலிபோல் தோன்றச் செய்தால் போதாதா? 2008-ஆம் ஆண்டளவில் தோன்றிய ஃபோன்கேப் என்னும் சட்டகம் இவ்வாறே செய்தது. அதன் வழிவந்த கார்டோவா அப்பாச்சி அறக்கட்டளையின் பொறுப்பில் வளர்ந்தது. படிவம் நிரப்புதல், அறிவிப்புப் படித்தல் போன்ற வேலைகளுக்கு இம்முறை இன்றும் ஏற்றதே. ஆனால், விரலோடு ஓட வேண்டிய திரைகளில் அது பின்தங்கியது. கைப்பேசியின் திரை பொதுவாக ஒரு நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. அடுத்த படத்தை ஆயத்தம் செய்ய ஒரு நொடியை ஆயிரம் கூறு செய்தால் வரும் கூறுகளில் ஏறத்தாழ 16 மட்டுமே கிடைக்கும். அதற்குள் வேலை முடியாவிடில் ஒரு படம் தவறும். கண்ணுக்கு அது திக்கலாகத் தோன்றும்.

இதனை ஃபேஸ்புக் நிறுவனம் பட்டறிந்தது. அதன் செயலி இணையப் பக்க முறையைப் பெரிதும் நம்பிக் கட்டப்பட்டிருந்தது. திறக்கவும் நகர்த்தவும் நேரமாகிறது என்று பயன்படுத்துவோர் குறை கூறினர். 2012-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஐபோன் செயலியைத் தளத்தின் சொந்த மொழியிலேயே மீண்டும் எழுதி வெளியிட்டனர். அடுத்த திங்களில் சான் பிரான்சிஸ்கோ நகரில் பேசிய அதன் தலைவர் மார்க் சக்கர்பெர்க், இணையப் பக்க முறையில் அளவுக்கு மீறி நம்பிக்கை வைத்ததே தம் நிறுவனம் செய்த மிகப் பெரிய தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

தவறு திருத்தப்பட்டது, ஆனால், விட்டுவந்த பழைய துன்பம் திரும்பி வந்தது. மீண்டும் இரு குழுக்கள், இருமுறை வேலை. அத்துன்பத்திலிருந்து பிறந்ததே ரியாக்ட் நேட்டிவ் என்னும் சட்டகம். 2015-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஐபோனுக்கும், செப்டம்பர்த் திங்களில் ஆண்ட்ராய்டுக்கும் அதனை யாவரும் பயன்படுத்துமாறு ஃபேஸ்புக் வெளியிட்டது.

ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழு ஒன்றை இங்கே நினைத்துக்கொள்ளலாம். சென்ற ஊரின் அரங்கில் உள்ள திரைகளையும் இருக்கைகளையும் விளக்குகளையுமே கேட்டு வாங்கிப் பயன்படுத்தும் குழு ஒரு வகை. ரியாக்ட் நேட்டிவ் அவ்வகையைச் சேர்ந்தது. நிரலாளர் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் மொழியில் எழுதுகிறார். இங்கே ஒரு பொத்தான் வேண்டும், அங்கே ஒரு பட்டியல் வேண்டும் என்று அந்நிரல் தளத்திடம் கேட்கிறது. ஐபோன் தன் பொத்தானைத் தருகிறது; ஆண்ட்ராய்டு தன் பொத்தானைத் தருகிறது. ஆகவே, தோற்றத்திலும் நடையிலும் செயலி அந்தந்தத் தளத்துக்கு உரியதாகவே விளங்குகிறது.

ஜாவா மொழி 1995-ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, ஒரு முறை எழுதி எங்கும் இயக்கலாம் என்று முழங்கினர். ரியாக்ட் நேட்டிவைச் செய்தவர்களோ ஒரு முறை கற்று எங்கும் எழுதலாம் என்றே சொன்னார்கள். இருபது ஆண்டுப் பட்டறிவு இவ்விரு தொடர்களுக்கும் இடையில் அடங்கியிருக்கிறது. எழுதியது எங்கும் இயங்கும் என்று பின்னவர் உறுதி கூறவில்லை. கற்றது எங்கும் பயன்படும் என்ற அளவில் நின்றனர்.

கேட்பதற்கும் கொடுப்பதற்கும் இடையே ஒரு பாலம் இருந்தது. ஒவ்வொரு கேள்வியும் எழுத்தாக்கப்பட்டு அப்பாலத்தின் வழியே அனுப்பப்படும். விடையும் அவ்வாறே திரும்பும். போக்குவரத்துக் குறைவாக இருக்கும்போது இதனால் இடர் இல்லை. நீண்ட பட்டியலை விரைந்து தள்ளினால் செய்திகள் குவிந்து, வெற்றிடம் முதலில் தோன்றி எழுத்துகள் பின்னர் வந்து சேரும். இக்குறையைக் களையப் பல ஆண்டுகள் உழைத்தனர். 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த பதிப்பு முதல், பாலம் இல்லாத புதிய அமைப்பே பொது வழக்கமாயிற்று.

வேற்றுமையை ரியாக்ட் நேட்டிவ் எங்கே வைக்கிறது என்பதை ஏர்பிஎன்பி நிறுவனத்தின் பட்டறிவு தெளிவாகக் காட்டும். பயணம் செய்வோர்க்குத் தங்குமிடம் தேடித் தரும் அந்நிறுவனம் 2008-ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரில் தோன்றியது. ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் தனித்தனிச் செயலிகளை அது முன்னரே வைத்திருந்தது. 2016-ஆம் ஆண்டில் ரியாக்ட் நேட்டிவை அவற்றுள் புகுத்தத் தொடங்கியது. 2018-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அதனைக் கைவிடப் போவதாக அறிவித்தது. அறிவித்ததோடு நில்லாமல், நன்மை எவை, தீமை எவை என்று நீண்ட கட்டுரைகளாக அந்நிறுவனத்தார் எழுதி வெளியிட்டனர். தம் தோல்வியை இவ்வளவு விளக்கமாக எழுதி வைப்போர் மிகச் சிலரே.

அக்கட்டுரைகளைப் படிப்போர்க்கு முதலில் வியப்பே உண்டாகும். புதிய முறையில் கட்டிய பகுதிகள் பெரும்பாலானவற்றில் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நிரல் இரு தளங்களுக்கும் பொதுவாகவே அமைந்தது. அதாவது, சட்டகம் வாக்களித்ததைச் செய்துவிட்டது. நிறுவனத்தின் நிரலாளரைக் கேட்டபோது, மீண்டும் வாய்ப்புக் கிடைத்தால் இதனையே தேர்ந்தெடுப்போம் என்று நூற்றுக்கு 63 பேர் கூறினர். புதிய செயலி ஒன்றுக்கு இதனைக் கருதிப் பார்ப்போம் என்று 74 பேர் கூறினர். அவ்வாறாயின் கைவிட்டது ஏன்?

பழைய செயலி முழுவதும் மாற்றி எழுதப்படவில்லை; ஒரு பகுதியே மாறியது. ஆகவே, ஐபோனுக்குரிய நிரல் இருந்தது. ஆண்ட்ராய்டுக்குரிய நிரல் இருந்தது. இரண்டுக்கும் பொதுவானது என்று மூன்றாவது ஒன்றும் சேர்ந்தது. இரண்டை ஒன்றாக்கப் புகுந்தவர்கள் மூன்றைக் காக்க வேண்டியவர்களாயினர். ஒரு பிழை தோன்றினால் அது பொது நிரலில் உள்ளதா, ஐபோன் பக்கத்தில் உள்ளதா, ஆண்ட்ராய்டுப் பக்கத்தில் உள்ளதா, இடைப்பட்ட பாலத்தில் உள்ளதா என்று தேட வேண்டும். மூன்றும் அறிந்தவர் சிலரே. அன்றியும், அவ்வளவு பெரிய செயலியில் சட்டகம் விழித்தெழுந்து முதல் திரையைக் காட்ட, விலையுயர்ந்த கைப்பேசியிலும் பல நொடிகள் ஆயின. சட்டகமும் இளம் பருவத்தில் இருந்தது; அதன் தனிப்படி ஒன்றை வைத்துத் தாமே திருத்திக்கொள்ள வேண்டிய நிலையும் நேர்ந்தது.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. கனடா நாட்டின் ஒட்டாவா நகரில் தோன்றிய ஷாப்பிஃபை நிறுவனம், இனிப் புதியனவாகச் செய்யும் கைப்பேசிச் செயலிகளை ரியாக்ட் நேட்டிவிலேயே செய்வதாக 2020-ஆம் ஆண்டு ஜனவரியில் அறிவித்தது. ஐந்தாண்டு கழித்து 2025-இல், அம்முடிவு பயன் தந்தது என்று அந்நிறுவனத்தார் எழுதினர். சட்டகத்தின் பெயர் ஒன்றே, முடிவுகளோ எதிரெதிர். இடைப்பட்ட காலத்தில் சட்டகம் முதிர்ந்திருந்தது என்பது ஒரு காரணம். இணையப் பக்கங்களுக்கென ரியாக்ட் முறையை முன்னரே கற்றவர் பலர் அங்கே இருந்தனர் என்பதும், அரைகுறையாக நில்லாமல் மாற்றத்தை முழுமையாக மேற்கொண்டனர் என்பதும் அதனினும் பெரிய காரணங்கள் எனலாம்.

நாடகக் குழுவில் மற்றொரு வகையும் உண்டு. எவ்வூருக்குச் சென்றாலும் தன் திரைச்சீலைகளையும் விளக்குகளையும் ஏற்றிச் செல்லும் குழு அது. அரங்கத்தாரிடம் அது கேட்பது வெறும் மேடை ஒன்றே. கூகுள் நிறுவனத்தின் ஃப்ளட்டர் என்னும் சட்டகம் அவ்வகையினது. அதன் முதற் பதிப்பு 2018-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இலண்டன் நகரில் அறிவிக்கப்பட்டது. டார்ட் என்னும் மொழியில் எழுதிய நிரல், பொறியின் சொந்தக் கட்டளைகளாகவே மாற்றப்படுகிறது. தளத்தின் பொத்தானை ஃப்ளட்டர் கேட்பதில்லை. வெறுந்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு, பொத்தான், பட்டியல், எழுத்து யாவற்றையும் தானே வரைகிறது. இதனால் இரு தளங்களிலும் தோற்றம் அச்சாக ஒன்றாக அமையும். எழுதிய மாற்றத்தைச் செயலியை நிறுத்தாமலே திரையில் உடனே காணும் வசதியும் நிரலாளரைக் கவர்ந்தது. கூகுள் பே என்னும் பணம் செலுத்தும் செயலியை அந்நிறுவனம் பின்னர் இச்சட்டகத்திலேயே மீண்டும் எழுதியது.

இவ்விரு வகைப் போட்டி புதியதன்று. ஜாவா மொழியின் முதல் வரைகலைத் தொகுதி, ஒவ்வொரு கணிப்பொறியின் சொந்தப் பொத்தான்களையும் கேட்டு வாங்கியது. பொறிக்குப் பொறி அவை வேறாக நடக்கவே தொல்லை மிகுந்தது. ஆகவே, 1998-ஆம் ஆண்டில் ஜாவாவோடு சேர்ந்து வந்த ஸ்விங் என்னும் தொகுதி யாவற்றையும் தானே வரைந்தது. அப்போது, எங்கும் ஒன்றாக இருக்கிறது, ஆனால் எங்கும் அயலாக இருக்கிறது என்று பலர் குறை கூறினர். கேட்டு வாங்குவோர்க்கு ஒரு குறையும் சுமந்து செல்வோர்க்கு ஒரு குறையும் அன்று போலவே இன்றும் உள்ளன.

சுமந்து செல்லும் குழுவின் வண்டி கனமாக இருக்கும். ஃப்ளட்டர் செயலி ஒவ்வொன்றும் தன் வரைபொறியை உடன் கொண்டு செல்வதால் அளவில் சில மெகாபைட்டுகள் கூடுதலாக இருக்கும். ஆப்பிள் நிறுவனம் தன் பொத்தான்களின் தோற்றத்தைப் புதுப்பித்தால், கேட்டு வாங்கிய செயலி பெரும்பாலும் தானே புதுமை பெறும். வரைந்து வைத்த செயலியோ, சட்டகத்தார் புதிதாக வரைந்து தரும்வரை காத்திருக்க வேண்டும். இவற்றைக் காட்டிலும் கருதத்தக்கவை இரண்டு உண்டு.

ஒன்று எழுத்து. தமிழில் "கொ" என்பதைக் கணிப்பொறி ககரம் ஒன்றாகவும், ஒகரக் குறி ஒன்றாகவும் இவ்வரிசையில் நினைவில் வைக்கிறது. திரையில் வரையும்போதோ குறியின் ஒரு பாதி ககரத்துக்கு முன்னும் மறுபாதி பின்னும் நிற்க வேண்டும். ஆங்கில எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவதுபோல் அடுக்கினால் தமிழ் சிதைந்துவிடும். தளத்தின் எழுத்துப் பெட்டியைக் கேட்டு வாங்கும் செயலிக்கு இவ்வேலையைத் தளமே செய்துவிடுகிறது. தானே வரையும் சட்டகம் இதற்கும் தானே பொறுப்பேற்க வேண்டும். ஃப்ளட்டர் இதற்கு ஹார்ஃப்பஸ் என்னும் எழுத்தமைப்பு நிரலைத் துணைகொள்கிறது. ஆண்ட்ராய்டும் அதனையே பயன்படுத்துகிறது. ஆகவே தமிழ் நன்றாகவே வருகிறது. ஆயினும், தானே வரையும் புதிய சட்டகம் ஒன்று வருமாயின், அதில் முதலில் எழுதிப் பார்க்க வேண்டியது "கொ"வும் "கௌ"வுமே.

மற்றொன்று பார்வையற்றோர் பயன்படுத்தும் முறை. ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்றும் ஆண்ட்ராய்டில் டாக்பேக் என்றும் வழங்கும் வசதிகள், திரையில் விரல் படும் இடத்தில் என்ன உள்ளது என்பதைக் குரலால் படித்துச் சொல்கின்றன. தளம் தந்த பொத்தானுக்கு, தான் பொத்தான் என்று சொல்லத் தெரியும். வரைந்த பொத்தானோ வெறும் ஓவியம். அதற்கு வாய் இல்லை. ஃப்ளட்டரைச் செய்தவர்கள் இதனை அறிந்து, ஓவியத்துக்குப் பின்னால் அதன் பொருளை விளக்கும் மற்றோர் அமைப்பையும் கட்டிவைத்துள்ளனர். எனினும், நிரலாளர் தாமாகவே புதிய வடிவங்களை வரையும்போது அவற்றுக்கு உரிய விளக்கத்தைச் சேர்க்க மறந்துவிடுதல் எளிது. மறந்தால், கண்ணுள்ளோர்க்கு அழகாக விளங்கும் அச்செயலி, கண்ணில்லாதவர்க்கு ஓசையற்ற கண்ணாடித் தகடாகவே நிற்கும்.

திரையைப் பொதுவாக்காமல், அறிவை மட்டும் பொதுவாக்கும் வழியும் ஒன்று உண்டு. கட்டணம் கணக்கிடுதல், தரவைச் சேமித்தல் போன்றவற்றை ஒரு முறை எழுதி, திரைகளை மட்டும் தளந்தோறும் தனியே எழுதுவது அவ்வழி. கோட்லின் மொழியைத் தந்த ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தின் கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் என்னும் முறை இதற்கென எழுந்தது. 2023-ஆம் ஆண்டு நவம்பரில் அது நிலைபெற்றதாக அறிவிக்கப்பட்டது. இவ்வழியிலும் கவனம் வேண்டும். கோப்புகளைச் சேமித்துத் தரும் டிராப்பாக்ஸ் நிறுவனம் சி பிளஸ் பிளஸ் என்னும் மொழியில் இவ்வாறே பொது நிரல் எழுதிச் சில ஆண்டுகள் நடத்தியது. அதற்கு வேண்டிய துணைக்கருவிகளையும் தானே செய்துகொண்டது. அக்கருவிகளைக் காப்பதே ஒரு தனி வேலையாயிற்று. அம்மொழியும் அறிந்து கைப்பேசிக்கும் எழுத விரும்புவோர் எளிதில் கிடைக்கவில்லை. அறிந்திருந்தவர் பிரிந்து சென்றபின் நிலைமை மேலும் இறுகியது. 2019-ஆம் ஆண்டில் அம்முறையைக் கைவிட்டதாக அந்நிறுவனம் எழுதியது. இருமுறை எழுதும் செலவைக் காட்டிலும் பொதுவாக எழுதும் செலவே மிகுந்துவிட்டது என்பது அவர்கள் கண்ட கணக்கு.

சட்டகம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர், அதனை உடையவரையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார். 2010-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம், ஐபோன் செயலிகள் குறிப்பிட்ட சில மொழிகளிலேயே முதற்கண் எழுதப்பட வேண்டும் என்று விதி செய்தது. ஃபிளாஷ் முறையில் எழுதியதை ஐபோன் செயலியாக மாற்றித் தரும் கருவியை அடோபி நிறுவனம் வெளியிட இருந்த நேரம் அது. தளத்துக்கும் நிரலாளருக்கும் நடுவே பிறர் ஒருவர் நின்றால், தளம் தரும் புதுமைகள் அவர் விரும்பும் வேகத்திலேயே மக்களை அடையும் என்பது ஸ்டீவ் ஜாப்சு கூறிய காரணம். காரணம் முற்றிலும் பொய்யன்று. அதில் தன்னலம் இல்லை என்றும் சொல்வதற்கில்லை. செப்டம்பரில் விதி தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட ஐந்து திங்கள், பிறர் கருவிகளை நம்பித் தொழில் தொடங்கியவர்களுக்கு எப்படிக் கழிந்திருக்கும் என்பதை எளிதில் எண்ணிப் பார்க்கலாம்.

2011-ஆம் ஆண்டில் தோன்றிய சாமரின் நிறுவனத்தின் சட்டகமும் ஒரு காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்தது. சி ஷார்ப் என்னும் மொழியறிந்தோர் பலர் அதனை விரும்பினர். 2016-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அந்நிறுவனத்தை வாங்கியது. பின்னர் மௌயி என்னும் புதிய சட்டகத்தை அதன் வாரிசாக அமைத்தது. 2024-ஆம் ஆண்டு மே முதல் நாளோடு சாமரினுக்கு ஆதரவை நிறுத்தியது. செயலிகள் அன்றே நின்றுவிடவில்லை. ஆனால், தளங்கள் ஆண்டுதோறும் மாறுகின்றன. சட்டகம் மாறாமல் நின்றால் செயலி மெல்ல மெல்ல வெளியே தள்ளப்படும். ஆகவே சாமரினில் எழுதியவர்கள் புதிய வீட்டுக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று.

முன்னர்க் கூறிய பேருந்துச் செயலிக்குத் திரும்புவோம். அதற்கு எச்சட்டகம் பொருந்தும்? குழுவில் உள்ளோர் இணையப் பக்கங்களை ரியாக்ட் முறையில் எழுதிப் பழகியவராயின், ரியாக்ட் நேட்டிவ் அவர்களுக்கு விரைவில் கைவரும். முற்றிலும் புதிதாகத் தொடங்கும் சிறு குழுவாயின், இரு தளங்களிலும் ஒரே தோற்றம் போதும் என்றும் கருதினால், ஃப்ளட்டர் நன்று. இரண்டு தனிச் செயலிகள் முன்னரே நன்றாக ஓடுகின்றன, கட்டணக் கணக்கில் மட்டுமே பிணக்கு என்றால், அக்கணக்கை மட்டும் கோட்லின் முறையில் பொதுவாக்குவது போதும்; ஏர்பிஎன்பி அடைந்த மூன்றாம் சுமையை இங்கே அளவோடு நிறுத்தலாம். பேருந்து நேரத்தை மட்டும் காட்டும் அறிவிப்புப் பலகையே வேண்டுமாயின் செயலி எதற்கு? ஓர் இணையப் பக்கமே போதுமானது. இவ்விடையை நிரலாளர் பலர் விரும்புவதில்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். சட்டகத்தைச் சோதிக்கும்போது எளிய திரை பதம் ஆகாது. வரவேற்புத் திரையைக் கட்டிப் பார்த்தால் எல்லாச் சட்டகமும் நன்றாகவே தோன்றும். செயலியில் மிகக் கடினமானது எதுவோ, அதனையே முதலில் கட்ட வேண்டும்: ஓடும் பேருந்துகளைக் காட்டும் வரைபடம், நூற்றுக்கணக்கான நிறுத்தங்கள் அடங்கிய பட்டியல், இணைப்பு அறுந்து மீளும்போது பணம் செலுத்தும் திரை. நிரலாளரின் மேசையில் உள்ள விலையுயர்ந்த கைப்பேசியில் பார்த்தல் போதாது. பயணிகளின் கையில் உள்ளவற்றுள் மிக மலிவானதும் பழையதுமான கைப்பேசியை வாங்கி அதில் இயக்கிப் பார்க்க வேண்டும். பின்னர், குரலால் படிக்கும் வசதியைத் திறந்து வைத்துக் கண்களை மூடிக்கொண்டு, நிறுத்தத்தைத் தேடி, கட்டணம் செலுத்தி, பயணச்சீட்டு ஒன்றை வாங்கி முடிக்க இயலுகிறதா என்று காண வேண்டும். இரண்டு சட்டகங்களில் இச்சோதனையைச் செய்து முடிக்கச் சில வாரங்கள் ஆகலாம். ஏர்பிஎன்பி நிறுவனத்துக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின.